காயில் கட்டும் தொழில்

தானியங்கி இயந்திரங்கள் பெருகினால் மோட்டார் பழுது பார்ப்போரின் பிழைப்பு என்னாகும்? 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டிய கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்வோம். ஆலையில் காயில் சுற்றும் இயந்திரம் உண்டு. ஒரே அளவான ஆயிரம் மோட்டார்களுக்கு அது சளைக்காமல் சுற்றும். பட்டறைக்கு வருபவையோ ஒன்றைப்போல் ஒன்று இரா. கிணற்று மோட்டார் கருகியது மூன்று பேஸில் ஒன்று அறுந்ததாலா, பேரிங் தேய்ந்ததாலா, நீர் புகுந்ததாலா என்று கண்டறிந்து, பழைய சுருளை அகற்றி, சுற்று எண்ணிக் கட்டி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துவது கண்ணும் கையும் கூடிச் செய்யும் வேலை. இதை இயந்திரம் எளிதில் பறித்துவிடும் என்று நான் கருதவில்லை.

ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. செப்பனிடும் கூலி புதியதன் விலையை நெருங்கினால், சிறு மோட்டாரை யார் பட்டறைக்குக் கொண்டுவருவார்? பி.எல்.டி.சி. மின்விசிறியிலோ பழுது பல சமயம் மின்னணுப் பலகையில் இருக்கிறது. அங்கே செப்புக் கம்பிக்கு வேலையில்லை.