மடியில் பாப்பா, மாட்டுங்காவில் கல்யாணம்

உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கைக்குழந்தையோடு கிளம்பினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தோழியின் கல்யாணம் என்றால் கதை வேறு.

அழைப்பிதழ் வந்த அன்றே பேச்சு தொடங்கிவிடும். “பிள்ளை இப்பந்தான் குப்புற விழுது. அம்புட்டு தூரம் தூக்கிட்டு அலையணுமாக்கும்?” என்பார் மாமியார். “போன்ல வாழ்த்துச் சொன்னாப் போதாதா?” என்பார் கணவர். இதுவே நாத்தனார் கல்யாணமாக இருந்தால் இதே குழந்தையை இதே வெயிலில் தூக்கிக்கொண்டு குடும்பமே ரயில் ஏறியிருக்கும்.

தாராவியில் பிறந்து வளர்ந்து, திருநெல்வேலிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவரல்ல. தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து போனவர்கள் தாராவியில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஆனால் பல குடும்பங்களில் ஊரில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்னும் நிற்கவில்லை. இந்தியும் மராத்தியும் கலந்த தமிழ் பேசி வளர்ந்தவள், கல்யாணமானதும் தாமிரபரணிக் கரையில் ஒரு வீட்டின் மருமகள். சொந்தபந்தங்களுக்குக் கோயில் கொடை இருக்கிறது; வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து பார்த்துவிடுவார்கள். டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்த செம்பூர்த் தோழிக்கு ஊருக்கு வர என்ன காரணம் இருக்கிறது? அவளைப் பார்க்க வேண்டுமானால் இவள்தான் போக வேண்டும். ஐந்து மாதக் குழந்தையோடு மாசக்கணக்கில் நான்கு சுவருக்குள் இருந்தவளுக்கு அந்த அழைப்பிதழ் வெறும் காகிதமாகத் தெரிவதில்லை.

ஒருவழியாகச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சோதனை டிக்கெட். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் ரயிலில் கட்டணம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காசு வாங்காத இடத்தில் இடமும் கிடையாது என்பதுதான் நடைமுறை. ஒன்றரை நாள் பயணத்தில் ஒரே பெர்த்தில் தாயும் பிள்ளையும் ஒண்டிக்கொள்ள வேண்டும். முதியோர், 45 வயதைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ் பெர்த்துகளை ரயில்வே ஒதுக்கி வைத்திருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அந்தப் பட்டியலில் இடம் உண்டு. பிள்ளை மடிக்கு வந்துவிட்டால் பெயர் போய்விடும்! மேல் பெர்த் கிடைத்தவள் கீழே இருப்பவரிடம் கெஞ்சித்தான் மாற வேண்டும். பெரும்பாலும் மனமிரங்கி மாறிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

2022 மே மாதம் லக்னோ மெயிலில் ஒரு பரிசோதனை நடந்தது. கீழ் பெர்த்தின் ஓரத்தில் மடக்கி விரிக்கும் சின்னப் பலகை. பிள்ளை உருண்டு விழாமல் இருக்கத் தடுப்பு. ‘பேபி பெர்த்’ என்று பெயர். படங்கள் நாடெங்கும் பாராட்டுப் பெற்றன. ஆனால் தெற்கே போகும் வண்டிகளில் பழைய ஏற்பாடுதான் கைகொடுக்கிறது: ஒரு நூல் புடவை. பெர்த்துக் கம்பிகளில் முடிச்சுப் போட்டால் தூளி தயார். வண்டியின் ஆட்டமே தாலாட்டு. முடிச்சை இருமுறை இழுத்துப் பார்ப்பதும், நடைபாதைக்குக் குறுக்கே கட்டாமல் இருப்பதும், ஒரு கை எப்போதும் தூளியின் மேல் இருப்பதும் முக்கியம். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் தூளிக்குத் தெரியாது.

பாட்டிமார் வழியனுப்பும்போது கொடுக்கும் வெந்நீர் பிளாஸ்க் தாய்க்குத்தான் உபயோகம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் காலத்திலும் தண்ணீர் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ரயில் வெக்கையில் நாக்கு வறளுமே என்று பதறுகிறவர்கள் இன்னொரு தடவை பால் கொடுத்தால் தீர்ந்தது. எங்கே கொடுப்பது என்பதுதான் தீராத பிரச்சினை. தமிழ்நாட்டில் 2015ல் பஸ் நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடங்களில் இப்படிப்பட்ட அறைகள் வேண்டும் என்ற வழக்கில் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தாலும், ஓடும் ரயிலில் எதிர் பெர்த்தில் நான்கு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கையில் புடவை முந்தானைதான் அறை, அதுதான் கதவு.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் இறங்கும் ஸ்டேஷனின் பெயரும் கல்யாண். பிறந்த வீடு இப்போது நெருளில் இருந்தால் இங்கே இறங்கி, தாணே வரை ஒரு லோக்கல், அங்கிருந்து இன்னொன்று. தாராவியிலும் செம்பூரிலும் பத்துக்குப் பதினைந்து அறையில் நெருக்கியடித்து வாழ்ந்த பல தமிழ்க் குடும்பங்கள் கழிமுகத்தைத் தாண்டி நவி மும்பைக்கு நகர்ந்தன. 1992ல் மான்குர்டிலிருந்து வாஷிக்குப் பாலத்தின் மேல் ரயில் வந்தது. அடுத்த ஆண்டே நெருளுக்கும் வந்தது. கைக்குழந்தையோடு வரும் விருந்தாளிக்கு நெருள் ஒரு வரம். காற்று வரும் ஜன்னல் உண்டு. தூளி கட்டக் கொக்கி உண்டு. குளிப்பாட்டிவிட அம்மா உண்டு.

நெருளிலிருந்து மண்டபம் இருக்கும் மாட்டுங்காவுக்குப் போவதுதான் இனி வேலை. முகூர்த்தம் ஏழரைக்கு என்றால் ஐந்து மணிக்கே எழுப்பிவிட வேண்டும். யாரை? பாப்பா நாலு மணிக்கே விழித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும். டாக்சி பிடிக்கலாம். 2024 அக்டோபர் முதல் வாஷி சுங்கச்சாவடியில் சிறு வாகனங்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் லோக்கல் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் டாக்சி வாடகை மலைக்க வைக்கும். ஆகவே ஹார்பர் லைன், லேடீஸ் டப்பா. மூன்று பேர் சீட்டில் நாலாவதாகப் பாதி உடம்பைத் தொங்கவிட்டு உட்காரும் மும்பை வழக்கம் தெரிந்தவளுக்கு இங்கே பயமில்லை. கையில் குழந்தையைப் பார்த்ததும் யாராவது எழுந்துவிடுவார்கள். முன்பின் தெரியாத மராத்திக்காரம்மா பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். மான்குர்ட் வருவதற்குள் அது இரண்டு மடி மாறியிருக்கும். குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி வண்டி மாற வேண்டும். அங்கே தள்ளுவண்டி வெறும் சுமை. தோளோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணிதான் லாயக்கு.

மாட்டுங்காவின் பூக்கடைகளில் மல்லிகை வாசம் வந்துவிட்டால் மும்பை மறந்துபோகும். மண்டபத்தில் பாப்பாவுக்குத்தான் முதல் மரியாதை. ஆளுக்கு ஒரு முத்தம். இருமலும் சளியும் இந்த வழியில்தான் வருகின்றன. கன்னத்தை நீட்டாமல் காலைத் தொடச் சொல்லிவிடுவது நல்லது. கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஹோமப் புகையையும் தவில்காரர் பக்கத்தையும் விட்டுக் கதவோரமாக உட்கார்ந்தால் எழுந்து ஓட வசதி.

ஓட வேண்டியும் வரும். மேடையில் தாலியை எடுத்ததும் கெட்டிமேளம் முழங்கும். அதுவரை மடியில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா தூக்கிவாரிப்போட்டு அலறும். எல்லாரும் எழுந்து நின்று அட்சதை தூவும் அந்த நிமிஷத்தில், ஒன்றரை நாள் ரயிலில் வந்தவள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணமகள் அறையை நோக்கி ஓடிக்கொண்டிருப்பாள். மண்டபத்தில் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே அறை பெரும்பாலும் அதுதான். கழற்றிப்போட்ட புடவைகளுக்கும் ஹேர்பின் டப்பாக்களுக்கும் நடுவே சுவரில் சாய்ந்து பால் கொடுக்கும்போது, நாதஸ்வரம் சுவருக்கு அப்பால் கேட்கும்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்படும். புதுத் தாலியோடு மணப்பெண். “எங்கடி போயிட்ட? மேடையிலேர்ந்து தேடினேன்” என்பாள். இவள் பதில் சொல்வதற்குள் குழந்தையைக் கேட்டுக் கை நீட்டுவாள். பட்டுப்புடவை பாழாகும் என்று யாரோ கத்துவார்கள். பாப்பா மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்து வாயில் வைக்கப் பார்க்கும். இருவரும் ஒரே நேரத்தில் அதன் கையைப் பிடிப்பார்கள். போட்டோக்காரர் வந்து அழைக்கும்வரை பத்து நிமிஷம் கிடைக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னொரு கவலை. தண்டவாளப் பராமரிப்புக்காகப் பெரும்பாலான ஞாயிறுகளில் ஹார்பர் லைனில் மெகா பிளாக். காலை 11 மணிவாக்கில் நின்றால் மாலை 4 மணிவரை குறிப்பிட்ட பகுதியில் வண்டி ஓடாது. முதல் பந்தியில் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பலாம். அல்லது நாலு மணிவரை மண்டபத்திலேயே தங்கிவிடலாம். நெருளிலிருந்து அம்மா போன் செய்து, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பார். தோழி இன்னும் மேடையில்தான் நின்றுகொண்டிருப்பாள். மணமகள் அறையில், மடித்துப் போட்ட ஜமுக்காளத்தில் பாப்பா தூங்கிக்கொண்டிருக்கும். “பிளாக் முடியட்டும்மா” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாள்.