எண்ணெய்க் கசிவும் அதன் ஊற்றுக்கண்ணும்

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொறிஸ் மைனர் கார்களுட் சில இன்றும் நம் வீதிகளில் ஓடுகின்றன. அவை நிற்குமிடத்தில் எண்ணெய்த் துளிகளைக் கண்டவுடன் எஞ்சினையே கழற்றிப் பெருஞ்செலவு செய்ய விரைவோர் உளர். சற்றுப் பொறுத்தல் நன்று.

எண்ணெய் சொட்டும் இடம் வேறு. கசியும் இடம் வேறு. மேலே கசிந்தது கீழே வழியும். ஓடும்போது எழும் காற்று அதனைப் பின்னே தள்ளும். ஆதலால், ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையுங் கொண்டு கழுவித் துடைத்து உலரவிடுக. பின்பு நாலைந்து கிலோமீற்றர் ஓட்டி, நிறுத்திப் பார்க்க. ஈரங் காணும் மிக உயர்ந்த இடமே ஊற்றுக்கண்.

பெரும்பாலும் வால்வு மூடியின் கீழுள்ள தக்கைக் கஸ்கற்றே குற்றவாளி. அதனை மாற்றுவது எளிது. ஆனால் நட்டுக்களை அளவுமீறி முறுக்கினால் தக்கை நசுங்கிக் கசிவு மிகும். எஞ்சினின் சுவாசக் குழாய் அடைபட்டாலும் உள்ளழுத்தம் பெருகி, இணைப்புக்கள் தோறும் எண்ணெய் கசியும்; அதனையும் துப்புரவு செய்தல் வேண்டும்.

1952 இல் இக்காருக்கு வந்த 'ஏ' வரிசை எஞ்சினிலே, பிரதான சுழல்தண்டின் பின்முனையில் இறப்பர் வளையம் இல்லை. திருகுப்புரியே எண்ணெயை உள்ளே திருப்புகிறது. அங்கு ஓரிரு துளி சொட்டுதல் நோயன்று. ஆனால் வாரந்தோறும் அளவுகோலைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புதல் கடமை. எண்ணெய் வற்றிய எஞ்சின் மீளாது.