குற்றாலச் சாரலும் கண்ணாடி பாட்டிலும்: உடையாம பார்சல் அனுப்புவது எப்படி?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வழக்கமா இந்த ஷோவுல சர்வர், டேட்டாபேஸ், ஏஐனு பேசிட்டிருப்போம். இன்னைக்கு ஒரு அட்டைப்பெட்டியைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. நான் இதுவரைக்கும் பண்ணின டீபக்கிங்லயே ரொம்பக் கஷ்டமான ஒண்ணு இதுதான்.

எங்க சித்தி தென்காசியில இருக்காங்க. புளியங்குடி எலுமிச்சையில ஊறுகாய் போட்டு விக்கிறாங்க. ஊர்க்காரங்க வீட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போவாங்க. போன ஆடி மாசம் நான் ஊர்லேர்ந்து வேலை பார்த்துட்டிருந்தப்போ, "சித்தி, வாட்ஸாப்ல போடுவோம், சென்னைக்கும் அனுப்பலாம்"னு ஆரம்பிச்சு வெச்சது நான்தான். வேளச்சேரியிலேர்ந்து முதல் ஆர்டர் வந்துச்சு. 6 பாட்டில். பேக் பண்ணினதும் நான்தான்.

மூணாவது நாள் அந்த அக்கா ஒரு போட்டோ அனுப்பினாங்க. மூணு பாட்டில் உடைஞ்சு, பெட்டி பூரா எண்ணெய். நான் உடனே கூரியர் ஆபீசுக்குக் காரசாரமா ஒரு மெயில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். சித்தி போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. அப்புறம் தார்சால்ல அடுக்கி வெச்சிருந்த மிச்சப் பெட்டிகளைக் காட்டி, "ஏலே, இதத் தொட்டுப் பாரு. அப்பளம் மாதிரி நமுத்துப் போய்க் கெடக்கு. இதுலயா அனுப்பின?"னு கேட்டாங்க.

நான் அந்த மெயிலை அனுப்பல.

கணக்கை முதல்ல சொல்லிடறேன். ஒரு பாட்டில் விலை 180 ரூபாய். பழம், எண்ணெய், பாட்டில், மூடி எல்லாம் போக சித்தி கையில நிக்கிறது 40 ரூபாய். ஒரு பாட்டில் உடைஞ்சா 140 ரூபாய் முதல் போச்சு. மூணு உடைஞ்சா 420. அதை ஈடுகட்ட இன்னும் 11 பாட்டில் விக்கணும். திரும்ப அனுப்புற கூரியர் காசு இதுல சேரல. நமக்கு ஒரு பக் வந்தா டிக்கெட் போட்டுட்டு டீ குடிக்கப் போவோம். சித்திக்கு அது ஒரு வார உழைப்பு.

கண்ணாடி ஏன் உடையுது?

கண்ணாடியை அமுக்கினா நல்லாவே தாங்கும். இழுத்தாலோ வளைச்சாலோதான் அது பலவீனம். அந்த பலவீனமும் பெரும்பாலும் மேற்பரப்புல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. 1921-ல கிரிஃபித்ங்கிற இங்கிலாந்துப் பொறியாளர் இதை விளக்கினார். கீறலோட முனையில விசை குவியும், விரிசல் அங்கேயிருந்து ஓட ஆரம்பிக்கும். மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் ஞாபகம் இருக்கும்.

அப்போ என்னோட முதல் தப்பு என்னன்னா, ஆறு பாட்டிலையும் ஒண்ணோட ஒண்ணு உரசற மாதிரி நெருக்கி வெச்சேன். "டைட்டா இருந்தா ஆடாது"னு நினைச்சேன். ஆனா கண்ணாடியைக் கீற கண்ணாடியே போதும். தென்காசியிலேர்ந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல. அவ்வளவு தூரமும் ஆறு பாட்டிலும் ஒண்ணை ஒண்ணு தட்டிக்கிட்டே போயிருக்கு.

நம்ம ஊர் சோடா வண்டியைப் பார்த்திருக்கீங்களா? மரப்பெட்டியில ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கட்டம் இருக்கும். ஒரு பாட்டில் இன்னொண்ணைத் தொடவே தொடாது. அந்தக் கட்டத்துக்கு அர்த்தம் எனக்கு இப்பதான் புரிஞ்சுது.

விழறது பிரச்சனை இல்லை, எப்படி நிக்குதுங்கிறதுதான் பிரச்சனை

ஒரு பெட்டி இடுப்புயரத்துலேர்ந்து, அதாவது 1 மீட்டர்லேர்ந்து விழுதுன்னு வைங்க. தரையைத் தொடும்போது அதோட வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். சைக்கிள் மிதிக்கிற வேகம்தான். அந்த வேகத்தைப் பெட்டி எவ்வளவு தூரத்துல நிறுத்துதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

வெறும் அட்டை மட்டும்தான் நடுவுல இருக்கு, 1 மில்லிமீட்டர்ல நின்னுடுதுன்னா, பாட்டில் மேல சராசரியா அதோட எடையைப் போல 1000 மடங்கு விசை விழும். முக்கால் கிலோ பாட்டிலுக்கு அது 750 கிலோ. அதே பாட்டிலைச் சுத்தி 5 சென்டிமீட்டர் மெத்தை இருந்து, அதுல பாதி, அதாவது 2.5 சென்டிமீட்டர் அமுங்கி நின்னா, 40 மடங்குதான். 30 கிலோ. அதே உயரம், அதே பாட்டில்தான்.

பேட்ஸ்மேன் அடிச்ச பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னாடி இழுக்குறோம் இல்ல, அதேதான் இது. என் பெட்டியில பாட்டிலுக்கும் அட்டைக்கும் நடுவுல ஒரு சுத்து நியூஸ்பேப்பர் மட்டும்தான் இருந்துச்சு.

சாரல்: யாரும் சொல்லாத பக்

இது சித்தி கண்டுபிடிச்சது. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலத்துல சீசன். ஊர் பூரா அருவிக்குக் கூட்டம் வரும், 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தென்காசியிலயும் சாரல் அடிச்சுக்கிட்டே இருக்கும். துணி காயாது. உப்பு ஜாடி தண்ணி விடும். அட்டைப்பெட்டியும் அப்படித்தான், காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். ஈரம் ஏறின அட்டை தன்னோட பலத்துல பெரும் பகுதியை இழந்துடும். அது மேல நாலு பெட்டி அடுக்கினா போதும், சுவர் மடிஞ்சிடும். சுவர் மடிஞ்சா எடை முழுக்க பாட்டில் கழுத்து மேலதான் இறங்கும்.

அதனால சீசன்ல பெட்டிகளை பாலிதீன்ல சுத்தி, பரண்ல வைங்க. வெறும் தரை மேல வைக்காதீங்க. அனுப்புற அன்னைக்குத்தான் எடுக்கணும். வைக்கோல், தென்னை நார் எல்லாம் நல்ல மெத்தைதான், மாம்பழப் பெட்டிக்கு நம்ம ஆளுங்க வைக்கோல்தானே போடுறாங்க. ஆனா சாரல்ல அதுவும் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிச்சிடும். நல்லாக் காஞ்சதா இருக்கணும்.

புது டிசைன்

இப்போ நாங்க செய்யறது இதுதான். முதல்ல மூடி. பாட்டில் வாய் வரைக்கும் நிரப்பாம கொஞ்சம் இடம் விடுறோம், ஏன்னா வீட்டு ஊறுகாய் லேசா புளிச்சு வாயு விடலாம், வெயில்ல எண்ணெயும் விரியும். மூடிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாள், மேல டேப், அப்புறம் ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனி ஜிப் கவர்ல. ஒண்ணு கசிஞ்சாலும் மத்த அஞ்சும் தப்பிக்கும். எண்ணெய் பட்டா அட்டையும் நமுத்துப் போகும், அதனால இது முக்கியம்.

அடுத்து, ஒவ்வொரு பாட்டிலுக்கும் பபிள் ராப் ரெண்டு சுத்து. உள்பெட்டியில அட்டைக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பாட்டில், நின்ன வாக்குல. அந்த உள்பெட்டி, 5-பிளை வெளிப்பெட்டிக்குள்ள. ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை, அடியிலயும் மேலயும் சேர்த்துத்தான். கசக்கின பேப்பர் போட்டா கெட்டியா அமுக்கிப் போடணும். பேப்பர் ஒரு தடவை அமுங்கினா திரும்ப எழும்பாதுங்கிறதை மறந்துடாதீங்க. கடைசியா நடு இணைப்புலயும் ரெண்டு ஓரத்துலயும் டேப், மேலேயும் கீழேயும்.

'ஃப்ராஜைல்' ஸ்டிக்கர்? ஒட்டுங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நூத்துக்கணக்கான பெட்டியை இறக்குற அண்ணன் ஒவ்வொண்ணையும் படிச்சுப் பார்ப்பார்னு நம்பி டிசைன் பண்ணாதீங்க. பெட்டி விழும். விழுந்தாலும் தாங்கற மாதிரி கட்டணும்.

பெட்டி பெருசானா கூரியர் காசு ஏறாதான்னு கேப்பீங்க. ஏறும். பல கூரியர்கள்ல நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. அதுவும் நிஜ எடையும், எது அதிகமோ அதுக்குத்தான் பில். எங்க வெளிப்பெட்டி 39க்கு 30க்கு 25. கணக்குல 5.85 கிலோ. நிஜ எடை சுமார் 5 கிலோ. ஆக, மெத்தைக்காக நாங்க கூடுதலா கொடுக்கிறது ஒரு கிலோ காசுதான்.

டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்குப் போகாதீங்க

இஸ்டானு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, பார்சல் பேக்கிங்கை எப்படிச் சோதிக்கணும்னு விதிமுறை போடறவங்க. அவங்களோட அடிப்படைச் சோதனையில ஒரே பெட்டியை 10 தடவை கீழ போடணும். ஒரு மூலை, மூணு விளிம்பு, ஆறு பக்கம். எங்களோடது மாதிரி 10 கிலோவுக்குக் கம்மியான பெட்டின்னா உயரம் சுமார் 76 சென்டிமீட்டர்.

பழைய பாட்டில்கள்ல தண்ணி நிரப்பி, சித்தி வீட்டு வாசல்ல வெச்சுப் போட்டோம். எதிர் வீட்டுப் பாட்டி, "ஏட்டி, ஒன் அக்கா மவனுக்கு என்ன ஆச்சு?"னு சித்திகிட்ட விசாரிச்சாங்க. 10 தடவை போட்டும் ஒண்ணும் உடையல. ஒரு மூடி மட்டும் கசிஞ்சுது. பிளாஸ்டிக் தாள் வந்தது அதுக்கப்புறம்தான்.

டெஸ்ட் பண்ண நேரமில்லையா? பெட்டியை ஆட்டிப் பாருங்க. உள்ள ஏதாவது சத்தம் கேட்டா திரும்பப் பிரிங்க.

"ப்ரோ, இதே மாதிரி பீர் அனுப்பலாமா?"

இன்ஸ்டாவுல இந்த டாபிக்கைச் சொன்னதும் வந்த முதல் கேள்வி இதுதான். வேண்டாம். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டுல இன்னும் நடைமுறையில இருக்கு. 2003-லேர்ந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. அனுமதி இல்லாம பார்சல்ல மது அனுப்பினா கேஸ் உங்க மேல வரும். கூரியர்களோட தடைப் பட்டியல்லயும் மது இருக்கு. அமெரிக்கத் தபால் துறைகூட மது பார்சலை எடுக்காது.

ஆனா அதுல இருக்கிற பொறியியல் சுவாரஸ்யமானது, பன்னீர் சோடா அனுப்பற யாருக்கும் அது பொருந்தும். ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பீர் பாட்டிலுக்குள்ள அழுத்தம் சுமார் 1 பார். அதே பாட்டில் வெயில்ல நிக்கிற வேன்ல 40 டிகிரிக்குச் சூடானா 3 பாருக்கு மேல போயிடும். கார் டயர்ல இருக்கிறது 2 பார் சொச்சம்தான். சோடாவுல வாயு இன்னும் அதிகம். ஏற்கனவே உள்ளேயிருந்து தள்ளிட்டிருக்கிற கண்ணாடிக்கு ஒரு சின்னக் கீறல் போதும். 1872-ல ஹைரம் காட் காப்புரிமை வாங்கின கோலி சோடா பாட்டில், உள்ள இருக்கிற அழுத்தத்தை வெச்சே கோலியை மேல தள்ளி வாயை மூடிக்குது. அது எவ்வளவு தடிமனான கண்ணாடின்னு கையில எடுத்துப் பார்த்தாலே தெரியும்.

வேளச்சேரி அக்காவுக்கு ஆறு பாட்டிலையும் திரும்ப அனுப்பினோம், காசு வாங்கல. இந்தத் தடவை ஆறும் முழுசாப் போய்ச் சேர்ந்துச்சு. அடுத்த மாசம் அவங்க ஆபீஸ்லேர்ந்தே இன்னும் மூணு ஆர்டர் வந்துச்சு. உடனே நான் கேட்டலாக்ல இன்னும் பத்து ஐட்டம் சேர்க்கலாம்னு ஆரம்பிச்சேன். சித்தி கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "மொதல்ல இந்த மூணையும் ஒழுங்காக் கட்டுலே. உடைஞ்சா அங்கன போறது பாட்டில் இல்ல, எம் பேரு."

இப்போ பெட்டி கட்டறது அவங்கதான். ஆட்டிப் பார்க்கிறது மட்டும் என் வேலை.

உங்க வீட்டுல யாராவது இப்படி ஏதாவது விக்கிறாங்கன்னா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.