நம் கடைச் சரக்கும் மூளையும்

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, விழுப்புரம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் திண்டிவனத்தில் உள்ள நம் கடைக்குப் போன் செய்தார். ஆடி மாதமாயிற்றே, சூடம் தீர்ந்திருக்கும், சரக்குக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம். "முதலாளி, உங்க கவர்ல இருந்த சூடத்த எங்க தெருப் பிள்ளை ஒண்ணு கல்கண்டுன்னு நெனச்சித் தின்னுடுச்சி. கை காலு இழுக்குது, தூக்கிட்டு ஓடறாங்க" என்றார்.

குழந்தைக்கு மூன்று வயது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்று இரவு நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், தவறு நம்முடையது. டைமண்ட் கற்கண்டையும் சூட வில்லையையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கவரில், ஒரே நிற லேபிள் போட்டு அடைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு லேபிளுக்குப் பதில் ஒன்று என்றால் அச்சுக்கூலி மிச்சம் அல்லவா? அந்த மிச்சத்தின் விலை அன்றுதான் தெரிந்தது.

பிறகு தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டோம். சூடம் கொழுப்பில் கரையும் பொருள். நம் மூளையில் நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். ஆகவே வயிற்றுக்குள் போன சூடம் மிக விரைவில் மூளையை எட்டிவிடுகிறது. சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வந்துவிடும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக முடிந்தது உண்டாம். இன்னொன்றும் சொன்னார்: உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. வாந்தி எடுக்கும்போதே வலிப்பு வந்தால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. நம் வாடிக்கையாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பச்சைக் கற்பூரம் பொங்கலில் சிட்டிகை போடுகிறோமே என்று சூடத்தையும் அதே கணக்கில் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படும் சூடம் கொளுத்துவதற்கு மட்டுமே.

அதற்குப் பிறகு நம் அலமாரியை நாம் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. பருப்பும் புளியும் விற்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். மூளையைத் தொடும் சரக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

காலை ஐந்தரை மணிக்கு லாரி வந்து நின்றால் மூட்டை இறக்குபவர் முதலில் கேட்பது டீ. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து "போதும், படு" என்று சொல்லுகிறது. டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபின், அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீரவில்லை, கடன்காரர் வாசலில் காத்திருக்கிறார், அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குக் கணக்கு முடிக்கும்போது நாம் குடிக்கும் டீ, நள்ளிரவு இரண்டு மணிக்கும் பாதி மிச்சம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை, வியாபாரக் கவலை என்று நாற்பது வருடமாக வீட்டில் சொல்லிவந்தோம். கவலையும் உண்டு, பொய்யில்லை.

ஜாதிக்காய் அடுத்தது. பிள்ளை தூங்கட்டும் என்று கல்லில் ஓர் இழைப்பு இழைத்துக் கொடுப்பார்கள். கை தாராளமானால் ஆபத்து. ஒரு முழு ஜாதிக்காயைத் தின்ற பெரியவருக்கே படபடப்பும் மனக்குழப்பமும் வரும். அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால், ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னும் தின்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கசகசா வேறு வகை. அபின் செடியின் விதை அது. விதையில் போதை இல்லை, காயின் பாலில்தான். நம் நாட்டில் விற்கத் தடையில்லை. ஆனால் ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட சரக்கு. நம் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏராளம். பயணத்துக்கு மசாலா சாமான் வாங்க வருகிறவரிடம், "கசகசாவை மட்டும் வெச்சிட்டுப் போங்க" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது.

இனிப் புகையிலை. இதைப் பேசினால் சில உறுப்பினர்களுக்குக் கசக்கும். புகையில் போகும் நிகோடின் பத்து இருபது விநாடியில் மூளையை எட்டுகிறது. உதட்டில் அடக்கும் பொட்டலத்தில் மெதுவாக ஊறுகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் வாயின் சவ்வு வழியே இன்னும் எளிதாக இறங்கும். கூடச் சுண்ணாம்பு கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது, பலன் தெரியும். நாள் போகப்போக மூளை தன்னிடம் உள்ள நிகோடின் வாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு அத்தனைக்கும் தீனி போட வேண்டும். மூளை வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதாகிறது என்கிறார்கள். பதினான்கு வயதில் வருகிறவனுக்கு அந்தப் பழக்கம் அஸ்திவாரத்தோடு கட்டப்படுகிறது.

குட்காவும் பான்மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. குழந்தையிடம் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை. "நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்" என்பதுதான் நம்மவர் பதில். நாமும் ஒரு காலத்தில் சொன்னவர்தாம். ஒரு சரத்தில் கிடைக்கும் சில ரூபாய்க்காகக் கடைக்குச் சீல் வாங்கி, அரிசி பருப்பு வியாபாரத்தையும் இழந்து நின்றவர்களைப் பார்த்த பிறகு சொல்வதில்லை. பள்ளிச் சீருடையில் வந்து கல்லாவைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டும் பையனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அந்த லாபம் கையில் ஒட்டாது.

மரக்காணம் நமக்கு உப்பு தரும் ஊர். அங்கே எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களைப் புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல்.

மெத்தனாலுக்கு வாசனையும் போதையும் சாதாரண சாராயத்தைப் போலவே இருக்கும். குடித்தவுடன் கேடு தெரியாது. கல்லீரல்தான் அதைப் படிப்படியாக உடைத்து ஃபார்மிக் அமிலமாக்குகிறது. எறும்பின் கடியில் இருக்கிறதே, அதே அமிலம். அது பார்வை நரம்பைத் தாக்குகிறது, மூளையின் உட்பகுதியைச் சிதைக்கிறது. பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை கழித்துத்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும். இரவு குடித்தவர் காலையில் "கண்ணு மசமசன்னு இருக்கு" என்றால் போதை தெளியவில்லை என்று வீட்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள். உடனே கொண்டுபோனால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. படுக்க வைத்த அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது.

மெத்தனால் மூலிகையல்ல, தொழிற்சாலைச் சரக்கு. உரிமம் இல்லாமல் வாங்கவோ விற்கவோ முடியாது. எங்கோ ஒரு பீப்பாய் கணக்கில்லாமல் கை மாறியதால்தான் அது குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கு எழுதுகிற தொழிலில் இருக்கும் நாம் இதைப் படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

பெயிண்ட் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். தின்னரைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிச் சில்லறையாகக் கொடுக்கும் வழக்கம் விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. நாம் சூடத்தைக் கற்கண்டுக் கவரில் அடைத்தோமே, அதே காரியம்தான் இது. நம் கடையில் இப்போது சூடம் அட்டைப் பெட்டியில் மட்டுமே வருகிறது, கற்கண்டு இருக்கும் வரிசையில் அதை வைப்பதில்லை. பெட்டிக்கு ஆகும் அதிகச் செலவை விலையில் ஏற்றவில்லை.