ஜூன் மாதத்தில் கையில் இருக்க வேண்டிய பணம்

பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்துவிடுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் அதற்குள்ளாகவே விண்ணப்பம் தொடங்கிவிடும். பொறியியல் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். இடம் கிடைத்த பிறகு கட்டணம் கட்டக் கொடுப்பது சில நாட்கள்தான். இந்த நாட்கள் எந்த வருடத்தில் வரும் என்பதைப் பிள்ளை பிறந்த அன்றே சொல்லிவிடலாம். வீடு கட்டுவதைத் தள்ளிப்போடலாம், கல்யாணத்தைக்கூட அடுத்த தை மாதத்துக்குத் தள்ளலாம். கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த வசதி இல்லை. சென்னையை அடுத்த திருமழிசையின் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வேலைக்குப் போகிறவரும் சரி, பூந்தமல்லியில் கடை வைத்திருப்பவரும் சரி, பிள்ளையின் படிப்புக்கென்று பணம் சேர்க்கும்போது முதலில் கேட்பது “வட்டி எவ்வளவு” என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. சேர்க்கை தொடங்கும் அந்த ஜூன் மாதத்தில் பணம் கைக்கு வருமா? வராவிட்டால் யாரைக் கேட்கச் சட்டம் நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத சேமிப்பு, எத்தனை சதவீதம் வட்டி சொன்னாலும், படிப்புக்கான சேமிப்பு ஆகாது.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதே உரிமைகள் தெரிவதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தக் குழு 2017இல் நிர்ணயித்த உச்ச அளவு, கலந்தாய்வில் வரும் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் முறையே 85,000, 87,000. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ‘நன்கொடை’ என்று கேட்டால் 1992ஆம் ஆண்டின் கட்டாய நன்கொடைத் தடைச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திருமழிசையைச் சுற்றி நெடுஞ்சாலை நெடுகக் கல்லூரிகள் இருக்கின்றன. காலையில் மஞ்சள் பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் குழுவின் வரம்புக்குள் வருவதில்லை, அங்கே கட்டணம் பல மடங்கு. ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டடங்களில் ஒன்றில் கட்டணத்துக்குச் சட்டப்படி கூரை உண்டு, இன்னொன்றில் இல்லை. சேமிப்புக் கணக்குப் போடும் முன் இது தெரிய வேண்டும்.

இதைவிடப் பெரிய உரிமை ஒன்று, பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிச் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தனி. எல்லாரும் தனியார் பள்ளியை விட்டு வர வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஏழு ஆண்டு மெட்ரிக் பள்ளிக் கட்டணம் கட்டும் குடும்பம், அதோடு இந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கிறது என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியே சேர்பவருக்குத்தான். “இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, சீட் போயிடும்” என்று ஏப்ரல் மாதத்தில் அவசரப்படுத்தும் தரகர் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தை விற்கும்போது, அந்தச் சலுகையும் கைவிட்டுப் போவதை அவர் சொல்வதில்லை.

இனிப் பணம் எங்கே சேர்கிறது என்று பார்ப்போம். திருமழிசைப் பக்கத்தில் பல குடும்பங்களின் படிப்புப் பணம் ஏலச்சீட்டில்தான் இருக்கிறது. சீட்டைப் பழிப்பது எளிது. அதன் வேலை என்ன என்று புரிந்துகொள்வதுதான் நியாயம். இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் ரூபாய் சீட்டு. ஒருவர் 30,000 தள்ளி ஏலம் எடுத்தால் அவர் கைக்கு 70,000 வரும். தள்ளிய 30,000இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் சட்டப்படி 7 சதவீதம் வரை, அதாவது 7,000. மீதி 23,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 1,150 கழிவு. அந்த மாதம் கட்ட வேண்டியது 3,850 மட்டும். அவசரத்துக்கு எடுக்கலாம், பொறுத்திருந்தால் லாபம், மாதா மாதம் கட்டும் கட்டாயமும் உண்டு. வங்கி இவ்வளவு எளிதாக இதைச் செய்து தருவதில்லை. ஆகவே மக்கள் சீட்டில் சேர்வது அறியாமையால் அல்ல.

ஆபத்து சீட்டில் இல்லை, பதிவில்லாத சீட்டில் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் சிட் நிதிச் சட்டப்படி, ஒரு சீட்டைத் தொடங்கும் முன்பே பதிவாளரின் அனுமதி வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தை நடத்துபவர் முன்கூட்டியே பதிவாளர் பெயரில் பிணையாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒப்பந்தத்தின் நகல் தர வேண்டும். தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் பதிவாளரிடமே முறையிடலாம். பதிவில்லாத சீட்டில் இவை ஒன்றும் கிடையாது. இருப்பது ஒரு நோட்டுப் புத்தகமும் அதில் நீல மையில் போட்ட டிக் குறிகளும்தான். “இருபது வருஷமா நடத்துறாரு, ஒருத்தரையும் ஏமாத்தல” என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏமாற்றும் எண்ணமே இல்லாத நல்ல மனிதருக்கும் மாரடைப்பு வரும். முதல் மாதங்களில் சீட்டு எடுத்த நான்கு பேர் வேலை போய்க் கட்டாமல் நின்றுவிடுவார்கள். அப்போது அவருடைய நல்ல குணத்திலிருந்து கல்லூரிக் கட்டணம் வராது. பிணையாகக் கட்டிய பணத்திலிருந்துதான் வரும். தெரிந்தவரிடம் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை என்று கூச்சப்பட வேண்டாம். கேட்பது பிள்ளையின் பணத்துக்காக.

சீட்டு என்ற வட்டத்தைத் தாண்டி, ‘நிதி நிறுவனம்’ என்ற பெயரில் நம்ப முடியாத வட்டி சொல்லிப் பணம் வாங்குவது இன்னொரு வகை. சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியது என்பது 2022இல் பதிவான வழக்கில் காவல்துறை சொன்ன கணக்கு. அதில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்புப் பணமும் போயிருக்கும். இத்தகைய வழக்குகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தால் நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, தனி நீதிமன்றத்தின் வழியே விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துத் தர அச்சட்டம் வழி செய்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் முடக்கி, விற்று, பிரித்து முடிக்க ஆண்டுக்கணக்காகும். அதற்குள் பிள்ளை படிக்க வேண்டிய வயது கடந்துவிடும். இங்கே பரிகாரம் என்பது போன பணத்தில் ஒரு பங்கை என்றோ ஒருநாள் மீட்பது மட்டுமே. அதனால் கட்டும் முன் பார்ப்பதுதான் பாதுகாப்பு: ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பணம் கேட்கும் நிறுவனம் வைப்புத்தொகை வாங்க அனுமதி பெற்றதா என்று தேடிப் பார்க்கலாம், புகாரும் அங்கேயே பதியலாம்.

சரி, அரசுத் திட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா? அங்கேயும் தேதியைப் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015இல் தொடங்கியது. 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அதற்கு வரியும் இல்லை. அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து கட்டலாம். பலருக்குத் தெரியாத விஷயம், கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில். பத்தாம் வகுப்பு தேறிய பிறகு அல்லது 18 வயதான பிறகு, படிப்புக்கு எடுக்கக்கூடியது முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதிதான். அதுவும் கல்லூரி கேட்கும் கட்டண அளவுக்குள். பிறந்த உடனே தொடங்கி, விதிப்படி கட்டக்கூடிய 15 ஆண்டும் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், வட்டி இதே அளவில் நின்றால், பதினெட்டாம் வயதில் சுமார் 4.35 லட்சம் இருக்கும். அதில் பாதி, சுமார் 2.15 லட்சம், அங்கீகாரம் பெற்ற பொறியியல் பிரிவின் நான்காண்டு கலந்தாய்வுக் கட்டணத்தை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. அதே கணக்கை எட்டு வயதில் தொடங்கினால் பதினெட்டில் எடுக்கக் கிடைப்பது 90,000 ரூபாயைச் சுற்றித்தான். மீதி, மகளுக்கு 29 வயதாகும்போது அல்லது கல்யாணத்தின்போது. திட்டத்தில் குறை இல்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கு அது மட்டும் போதாது, பக்கத்தில் ஐந்தாண்டு ஆர்.டி. ஒன்றும் வேண்டும் என்பதுதான் கணக்கு.

காப்பீட்டு முகவர் விற்கும் குழந்தைப் பாலிசியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பிள்ளையின் படிப்பு நிற்பது பிள்ளைக்கு ஏதாவது ஆவதால் அல்ல, சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ இல்லாமல் போவதால்தான். ஆகவே காப்பீடு வேண்டியது அவர்கள் உயிருக்கு. அதற்குத் தனி டேர்ம் பாலிசி குறைந்த பிரீமியத்தில் கிடைக்கிறது. சேமிப்பையும் காப்பீட்டையும் கலந்த பாலிசிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 சதவீதத்தைத் தாண்டித் தருவதில்லை. நடுவில் நிறுத்தினால் நஷ்டம். வங்கியில் எஃப்.டி. போடப் போனவர் கையில் பாலிசியோடு திரும்புவது இன்றும் நடக்கிறது. பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் விற்கும் பாலிசிகளில் ஓராண்டு முழுதாகக் கட்டியிருந்தாலே, நடுவில் நிறுத்தும்போது திரும்பக் கிடைக்கும் சரண் மதிப்பு உண்டு. பொய் சொல்லி விற்றிருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார்; ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தியில்லை என்றாலும் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அஞ்சலகத்திலும் வங்கியிலும் போட்டால் விலைவாசி தின்றுவிடும், கல்விச் செலவு அதைவிட வேகமாக ஏறுகிறது, பங்குச் சந்தை ஃபண்டில் போட்டால்தான் ஈடுகட்டும் என்பார்கள். பிள்ளைக்கு மூன்று வயது என்றால் இந்த வாதம் சரி. மாதத் தொகையில் ஒரு பகுதி எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை முதலீடு வழியே பங்குச் சந்தைக்குப் போகலாம். செபியிடம் பதிவு பெற்ற ஃபண்டாக இருக்க வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் இதே வாதம் தவறு. 2020 ஜனவரி நடுவில் 41,952 புள்ளிகளில் முடிந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 25,981க்கு இறங்கியது. பழைய உயரத்தைத் தொட நவம்பர் வரை ஆயிற்று. அந்த இடைவெளியில்தான், கொரோனா ஊரடங்கின்போது, மே மாதத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டது, பட்டறைகள் மூடிக்கிடந்தன, சம்பளம் நின்றது. சந்தை விழுவதும் வேலை போவதும் சேர்ந்தே வந்தன. நவம்பர் வரை காத்திருக்க முடிந்தவருக்கு நஷ்டம் இல்லை. கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துதான் விற்றிருக்க முடியும். அதனால் படிப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு இருக்கும்போதே பங்குச் சந்தைப் பணத்தைப் படிப்படியாக எஃப்.டி.க்கு மாற்ற வேண்டும். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது; வட்டி குறைந்தாலும் அது உறுதியான பணம்.

மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சம்பளத்தில் சேமிப்பு எங்கே வரும் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, அதற்கு அறிவுரை சொல்லி மழுப்பக் கூடாது. அந்த வருமானத்தில் முழுக் கட்டணத்தையும் சேர்க்க முடியாது. முதல் ஆண்டுச் செலவுக்கு மட்டும் சேர்த்தால் போதும் என்று இலக்கைச் சுருக்கிக்கொள்ளலாம். மீதிக்குக் கல்விக் கடன் இருக்கிறது. கந்துவட்டிக்கும் அடகுக் கடைக்கும் போகும் முன் அதைக் கேட்க வேண்டும். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்கள் ஊர் எங்கள் கிளையின் எல்லைக்குள் வராது என்று சொல்லி விண்ணப்பத்தை நிராகரிக்கவும் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்து, தேர்வு செய்யப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனத்தில் இடம் கிடைத்தால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. கிளை மேலாளர் வாயால் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்கு எழுதி 30 நாளில் தீர்வில்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம்; அதற்கான வழியை 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

கல்லூரியில் சேர்ந்து பின் வேறு இடம் கிடைத்துப் போனாலும், பல்கலைக்கழக மானியக் குழு ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு எந்தக் குழுவிடமும் எதையும் காட்ட முடியாது. அதனால் இந்த மாதத் தவணையைக் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: பிள்ளை பெயரில் பணம் போகும் ஒவ்வொரு இடத்திலும் பதிவு எண்ணையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்.