ஒரே மருந்து சிலரை மட்டும் வாட்டுவது ஏன்?

பெருங்குடல் புற்றுநோய்க்கு வழங்கும் ஃபுளூரோயுராசில் என்னும் ஔஷதத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பாகத்தைப் பெரும்பாலும் ஈரலிலுள்ள டிபிடி என்னும் நொதியே சிதைத்துவிடுகிறது. மரபணு விகாரத்தால் அந்நொதி குன்றியவர்களுக்கோ, பிறருக்கு அளவான அதே மருந்து சரீரத்தில் தேங்கி, வாய்ப்புண், கடும் வயிற்றுப்போக்கு, இரத்த வெள்ளணுக்களின் க்ஷீணம் எனப் பெருகி, சமயத்தில் பிராணாபாயமே விளைவிக்கிறது. இதனை முன்கூட்டி உணர்த்த ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு.

ஸான்பிரான்ஸிஸ்கோ வளைகுடாப் பகுதியிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளரும் பங்குகொண்ட, மரபணுவுக்கேற்ப மருந்தளவை வகுக்கும் சிபிஐசி என்னும் குழு, 2013இல் வெளியிட்டு 2017இல் புதுப்பித்த நெறிமுறையில், நொதியின் சக்தி பாதியே உடையவருக்குப் பாதி அளவில் சிகிச்சையைத் தொடங்கி, உடல் தாங்குவதற்கேற்ப மாற்றுமாறு கூறுகிறது. மருந்து ஏறுமுன்பே இச்சோதனையைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை என்றே கருதுகிறேன். எனினும், வழக்கமாகத் தேடப்படும் விகாரங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடம் ஆராயப்பட்டவை. ஆதலால் அவ்வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழருக்குச் சோதனை குறையொன்றும் காட்டாதபோதும், முதல் வாரங்களின் கண்காணிப்பைத் தளர்த்தலாகாது.