அழகு ஊசியும் மைக்ராஸ்கோப்பும்

நாம் ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தா. வைத்திய சாஸ்திரம் கற்றவரல்லோம். எனினும், சீட்டுக் கிழிந்த பார்சல் வந்தால் உள்ளிருப்பது யாதெனத் துருவி அறியும் தொல்லை நமக்குப் பழக்கமானதே. அத்தகைய பார்சல் மனித சரீரத்திலும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தோம்.

நம் குடியிருப்பைச் சேர்ந்த மாமி ஒருவருக்குக் கன்னத்தில் கட்டி எழும்பிற்று. காசமோ, புற்றுநோயோ என்று குடும்பமே கலங்கியது. மாமிக்கு ஹிந்தி வராது. ஆகையால் நாமே உடன் சென்று மொழிபெயர்த்தோம். "முன்பு முகத்தில் ஊசி ஏதும் போட்டதுண்டா?" என்று டாக்டர் வினவினார். மாமி தலைகுனிந்து, "இல்லை" என்றார். அவ்வாறே சொன்னோம்.

கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுக்கப்பட்டது. இத்தகைய துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஏறக்குறைய 5 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு கனத்திற்குச் சீவி, சாயமேற்றிப் பார்க்கின்றனர். அந்நியப் பொருள் இருப்பின், உடலின் காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்து திரண்டிருக்கும். காசத்திலும் தொழுநோயிலும் இத்தகைய திரட்சி தோன்றுவதுண்டு. ஆகவே உள்ளிருக்கும் பொருளைக் கண்டறிவது அவசியமாகிறது.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளமுண்டு. இன்று பெருவழக்கிலுள்ள ஹயலுரானிக் அமிலம் நீலச்சாயல் கொண்ட கூழாகத் தோன்றும். ஆல்சியன் நீலச் சாயத்தை நன்கு பற்றும். அக்ரிலிக் மணிகள் ஜவ்வரிசிபோல் உருண்டு, ஒரே அளவாயிருக்கும். எலும்பின் சுண்ணாம்பை ஒத்த மணிகள் நீலச்சாம்பல் நிறம் காட்டும். பாலிலாக்டிக் அமிலத்தின் கூரிய துண்டுகள், ஒரே தளத்தில் அதிருமாறு வடிகட்டிய ஒளியில் பளிச்சென மின்னும். சிலிக்கோன் எண்ணெயோ பதப்படுத்தும்போதே பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆப்பத்தின் கண்கள்போல் சிறிதும் பெரிதுமான துளைகளே எஞ்சும்.

1899-இல் வியன்னா நகர டாக்டர் கெர்சுனி வாஸ்லைனை ஊசி வழியே செலுத்தினார். அழகு நாடி அவ்வழியைப் பின்பற்றிய பலருக்கு ஆண்டுகள் கழித்துக் கட்டிகள் எழும்பின. அத்திசுவிலும் இதே ஆப்பக் கண்கள்தாம்.

மாமியின் துணுக்கிலும் அவையே காணப்பட்டன. மறுமுறை நம் இல்லாள் உடன் சென்றாள். அவளிடம் மாமி அழுதுகொண்டே உண்மையைக் கூறினார்: எட்டாண்டுகளுக்கு முன், மகள் கல்யாணத்திற்கென, ஓர் அழகு நிலையத்தில் ஏதோ திரவத்தை ஊசியாகப் போட்டுக்கொண்டாராம், கணவருக்கும் தெரியாதாம். முதல் நாள் நாம் இடையில் நின்றதே அவர் வாயை அடைத்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

பெயர் தெரிவதால் பயன் யாது? ஹயலுரானிக் அமிலமாயின், ஹயலுரானிடேஸ் என்னும் மருந்தைச் செலுத்திக் கரைக்கலாம். சிலிக்கோனை அவ்வாறு கரைக்க இயலாது. சிகிச்சை முறையே வேறு. மாமி இப்போது அதற்குரிய சிகிச்சை பெற்று வருகிறார்.

அன்பர்களே, ஊசி போட்டுக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். போட்டுக்கொண்டால் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். பாஷை தெரியாத நம் பெண்மணிகள் ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, பாஷை தெரிந்த பெண்ணொருத்தியையே துணைக்கு அனுப்புங்கள். சீட்டில்லாத பார்சலை மைக்ராஸ்கோப் திறந்து காட்டும். சீட்டு இருந்திருந்தால் மாமியின் கன்னத்தில் கத்தி படாமலே உண்மை தெரிந்திருக்கக்கூடும்.